பைவயரிங்: செய்து பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

ஸ்பீக்கரின் பின்பக்கம் இரண்டுக்குப் பதில் நான்கு டெர்மினல் இருந்தால், பாதியைச் சும்மா விட்டு வைத்திருக்கிறோமோ என்று மனசு அரிக்கும். கடையில் கேட்டால் "பைவயர் கேபிள் போட்டாத்தான் சார் முழு எஃபெக்ட்" என்பார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதற்கென்று தனியாகக் காசு செலவழிக்காதீர்கள். வீட்டில் மிச்ச வயர் கிடந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள். வித்தியாசம் இருக்கிறதா என்று நேர்மையாகச் சோதிக்க ஒரு வழியும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நான்கு டெர்மினல் எதற்கு?

மேல் ஜோடி ட்வீட்டருக்கு (கீச்சென்ற உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்), கீழ் ஜோடி வூஃபருக்கு (கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்). பெட்டிக்குள் இருக்கும் க்ராஸ்ஓவர், அதாவது ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட், இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பாதியாக நிற்கிறது. வெளியே இரண்டு ஜோடியையும் ஜம்பர் என்ற உலோகத் தகடு சேர்த்து வைத்திருக்கும். கெஃப் ஆர்3 போன்ற சில மாடல்களில் தகடு கிடையாது. அங்கே இருக்கும் குமிழைத் திருகினால் இணைப்பு விட்டுப்போகும். ஜம்பரை எடுத்துவிட்டு, ஆம்பின் (ஆம்ப்ளிஃபையரின்) அதே டெர்மினலிலிருந்து ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் இழுப்பதுதான் பைவயரிங்.

வூஃபர் அசையும்போது அது திருப்பி அனுப்பும் மின்னழுத்தம் ட்வீட்டரைக் குழப்பும், வயரைப் பிரித்தால் குழப்பாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். முழுப் பொய் அல்ல. ஆனால் இரண்டு வயரும் ஆம்பில் ஒரே புள்ளியில்தான் சேர்கின்றன. அங்கே ஆம்பின் சொந்த மின்தடை மிகக் குறைவு. ஆகவே பிரிப்பதால் மிச்சமாவது, ஒரே வயராக இருந்தபோது அதில் இருந்த மின்தடையின் பாதிப்பு மட்டும்தான். அது எவ்வளவு? 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர் 3 மீட்டர் போட்டால், போக வர 6 மீட்டருக்கு ஏறக்குறைய 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.1 டெசிபல்கூட இல்லை. இந்தத் துளியில்தான் பைவயரிங் ஏதாவது செய்ய முடியும்.

அதே நேரம் 0.75 சதுர மி.மீ. வயரை 10 மீட்டர் இழுத்து 4 ஓம் ஸ்பீக்கரில் மாட்டினால் ஏறக்குறைய 1 டெசிபல் போய்விடும். அது காதுக்குத் தெரியலாம். ஆனால் அதற்கு மருந்து தடித்த வயர்.

படி 1: வயரைப் பாருங்கள்

2.5 சதுர மி.மீ. காப்பர் வயர் எந்த வீட்டு ஹாலுக்கும் போதும். ஸ்பீக்கர் வயர் என்று விற்பதில் பல, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியவை. அவற்றின் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல காப்பர், பயப்பட வேண்டாம்.

படி 2: ஜம்பரைக் கழற்றுங்கள்

ஆம்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பழைய வயரை எடுங்கள், ஜம்பரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்துக் கீழ் ஜோடியில் தொட்டுப் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கரில் 5, 6 ஓம் காட்டும். மேல் ஜோடியில் பெரும்பாலும் எதுவும் காட்டாது. ட்வீட்டர் எரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். வழியில் ஒரு கெப்பாசிட்டர் நிற்கிறது, மீட்டரின் நேர்மின்சாரம் அதைத் தாண்டாது.

படி 3: இரண்டு வயரையும் மாட்டுங்கள்

நான்கு முனையிலும் ஒரு செ.மீ. அளவுக்குத் தோலை உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஆம்ப் பக்கம் இரண்டு சிவப்பும் ஒன்றாக, இரண்டு கறுப்பும் ஒன்றாக. ஒரே ஓட்டையில் இரண்டும் நுழையாவிட்டால் ஒன்றை பனானா பிளக்கில் (வயர் முனையில் மாட்டும் குச்சி போன்ற பிளக்) போட்டுப் பின்பக்கமாகச் செருகுங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆம்பின் கதை முடிந்துவிடலாம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

ட்வீட்டர் வயரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால், ட்வீட்டரும் வூஃபரும் பங்குபோடும் அலைவரிசையில் ஒலி கூடும், குறையும். "பைவயர் போட்டதும் பாட்டே மாறிப்போச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

படி 4: ஜம்பர் சோதனை

இரண்டு வயரையும் அப்படியே வைத்துக்கொண்டு ஜம்பரை மட்டும் திரும்பப் போட்டால், அது பைவயர் இல்லை. இரு மடங்கு தடித்த ஒற்றை வயர். எடுத்தால் பைவயர். இரண்டு நிலையிலும் செம்பு ஒரே அளவு, ஆகவே போட்டி நியாயமானது. ஒற்றை வயரோடு ஒப்பிட்டால், வயர் தடித்ததால் வந்த பலனும் பைவயரிங் கணக்கில் சேர்ந்துவிடும்.

பேலன்ஸை ஒரு பக்கம் திருப்பி ஒரே ஸ்பீக்கரை வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த பாட்டில் 20 விநாடித் துண்டு ஒன்று போதும். வால்யூமைத் தொடக் கூடாது. நண்பர் காசு சுண்டிப் பார்த்து ஜம்பரைப் போடட்டும் அல்லது எடுக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு. மாற்றாத சுற்றிலும் அவர் திருகாணியைத் திருகியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்! எது எது என்று 10 சுற்று சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் 9 அல்லது அதற்கு மேல் சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். அந்த மார்க் எடுத்தால் வயரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நான் வாதாட மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை

ஏவி ரிசீவரின் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) மெனுவில் பை-ஆம்ப் என்று ஒன்று இருக்கும். அது வேறு: ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் தனித்தனி ஆம்ப். பைவயரில் ஜம்பரைக் கழற்ற மறந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. பை-ஆம்பில் மறந்தால் இரண்டு ஆம்பும் ஒன்றோடொன்று மோதிப் புகைந்துவிடலாம். இந்த ஜம்பர் சோதனையை அங்கே செய்யவே கூடாது.

10க்கு 5, 6 என்று வந்தவர்கள் ஜம்பரைப் போட்டு நன்றாக இறுக்கிவிடுங்கள். தகடு கறுத்திருந்தால் அதே வயரில் ஒரு சாண் வெட்டி அதற்குப் பதிலாகப் போடலாம். இரண்டாவது வயரைக் கழற்றினாலும் சரி, விட்டாலும் சரி. அப்புறம், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்து வைத்து அதே 20 விநாடியைக் கேட்டுப் பாருங்கள். அதற்குக் காசு சுண்ட ஆள் தேவைப்படாது.