ஜிஎல்பிஐ-யில் கம்ப்யூட்டர் அடையாளம் குழம்பினால்

லேபில் 40 கம்ப்யூட்டர் ஓடுகிறது. கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுத்துப் பதிவு வைக்கும் மென்பொருளான ஜிஎல்பிஐ-யின் பட்டியலில் 43 என்று வந்தால் தொந்தரவு. 37 என்று வந்தால் ஆபத்து. அதிகம் காட்டினால் ஒரே இயந்திரம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். குறைவாகக் காட்டினால் இரண்டு மூன்று இயந்திரங்கள் ஒரே பதிவை மாறி மாறி அழித்து எழுதிக்கொண்டிருக்கும். ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரும்போது "மூன்று எங்கே?" என்ற கேள்வி லேப் அசிஸ்டென்ட் தலையில்தான் விழும். அதனால் இந்த இரண்டாவது வகையைத்தான் நான் முதலில் தேடுவேன்.

எதையும் உடனே நீக்காதீர்கள். டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிட்டு, சந்தேகப்படும் பதிவைத் திறந்து 'ஹிஸ்டாரிக்கல்' டேபைப் பாருங்கள். பெயர் லேப்-12, லேப்-19, மறுபடி லேப்-12 என்று மாறிக்கொண்டே இருந்தால் இரண்டு பேர் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள 'இம்போர்ட் இன்ஃபர்மேஷன்' டேப், எந்த விதியின்படி ஜிஎல்பிஐ அந்த இயந்திரத்தை அந்தப் பதிவோடு இணைத்தது என்று சொல்லும். சீரியல் எண்ணா, யுயுஐடியா (மதர்போர்டில் பதிந்திருக்கும் நீண்ட அடையாள எண்), மேக் முகவரியா (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), வெறும் பெயரா? பொய் சொல்லும் அடையாளம் எதுவென்று இங்கேயே தெரிந்துவிடும்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் குற்றவாளி பெரும்பாலும் மதர்போர்டுதான். சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.' என்றோ 'டிஃபால்ட் ஸ்ட்ரிங்' என்றோ இருக்கும். யுயுஐடி 03000200-0400-0500-0006-000700080009 என்று இருந்தால் அதுவும் போர்டு தயாரித்தவர் நிரப்பாமல் விட்டதே. இரண்டு இயந்திரங்களிலும் பவர்ஷெல்லில் வின்32 பயாஸ், வின்32 கம்ப்யூட்டர்சிஸ்டம்ப்ராடக்ட் விவரங்களை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒன்றாக வரும் மதிப்பை செட்டப், ட்ராப்டவுன்ஸ் வழியாகப் போய் பிளாக்லிஸ்டில் சேருங்கள். 2022-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட மதிப்புகள் பல ஏற்கெனவே அதில் இருக்கும். ஆனாலும் உங்கள் போர்டு தருவது எழுத்துக்கு எழுத்து அதே மதிப்புதானா என்று பாருங்கள். சேர்த்த பிறகு அந்த மதிப்பை விதிகள் கண்டுகொள்ளாது. போர்டிலேயே உள்ள லேன் போர்ட்டின் மேக் முகவரியை வைத்து இயந்திரங்கள் பிரிந்துவிடும்.

அந்த மேக் முகவரியும் எல்லா இடத்திலும் நம்பத் தகுந்ததல்ல. ஒரே யுஎஸ்பி லேன் டாங்கிளை நான்கு லேப்டாப்புக்கு மாற்றி மாற்றிச் செருகும் அலுவலகத்தில், அந்த டாங்கிளின் மேக் முகவரியையும் பிளாக்லிஸ்டில் போட்டே ஆக வேண்டும். பெயரை மட்டும் பார்த்து இணைக்கும் விதியை நான் அணைத்தே வைப்பேன். இமேஜ் (ஒரு இயந்திரத்தின் முழு நகல்) போட்ட அன்று எல்லா இயந்திரத்துக்கும் ஒரே பெயர்தானே இருக்கும்!

இமேஜில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்திலும் இருந்து ஜிஎல்பிஐ-க்கு விவரம் அனுப்பும் ஏஜென்ட் புரோகிராம் ஒருமுறை ஓடியதும் தன் அடையாளத்தை, கம்ப்யூட்டர் பெயரோடு தேதியும் நேரமும் சேர்த்து, சேமித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு இமேஜ் எடுத்தால் அதுவும் நகலாகும். இமேஜ் எடுக்கும் முன் விண்டோஸின் அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் செய்தாலும் அழியாது. ஒரே ஏஜென்ட் பதிவு இயந்திரத்துக்கு இயந்திரம் தாவிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். சர்வீஸை நிறுத்துங்கள், ஜிஎல்பிஐ-ஏஜென்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் 'வார்' ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். அடுத்த முறை இமேஜ் எடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

மதர்போர்டு மாற்றியதால் இரட்டைப் பதிவு வந்திருந்தால், வாரன்டியும் பழைய டிக்கெட்டுகளும் உள்ள பழைய பதிவைத்தான் காப்பாற்ற வேண்டும். புதிய சீரியல் எண்ணையும் யுயுஐடியையும் அதில் எழுதுங்கள். புதிதாக முளைத்த பதிவைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் சேர்த்து நீக்குங்கள்.

கடைசியாக, அந்தந்த இயந்திரத்தின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 62354 போர்ட்டைத் திறந்து 'ஃபோர்ஸ் அன் இன்வென்டரி'யை அழுத்துங்கள். முதலில் லேப்-12, பிறகு லேப்-19, மறுபடி லேப்-12. ஹிஸ்டாரிக்கல் டேபில் பெயர் மாறாமல் நின்றால் அடுத்த இயந்திரத்துக்குப் போகலாம்.