வசவுச் சொல்லைக் குறிப்பெடுக்கும் முறை: செட்டிநாட்டுப் பேச்சை வைத்து

வட்டாரச் சொல் திரட்டுகிறவர்களில் பலர் வசவு வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள், அல்லது ‘கெட்ட வார்த்தை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம். யார் யாரைச் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்பதெல்லாம் சேர்ந்துதான் வசவின் பொருள்.

சொல்லுக்கு ஓர் அட்டை போதாது. காதில் விழும் ஒவ்வொரு முறைக்கும் ஓர் அட்டை போடுங்கள். முழு வாக்கியம், தேதி, இடம், இருவரின் வயது, உறவு (பெயர் வேண்டாம்), கூட இருந்தவர்கள். கடைசி வரியில், கேட்டவர் சிரித்தாரா, திருப்பித் திட்டினாரா, வாயடைத்துப் போனாரா என்பது. இந்த வரியை விட்டால் அட்டையே வீண். “எடுபட்ட பயலே, சாப்பிட்டுட்டுப் போடா” என்று அப்பத்தா சொன்னால் பேரன் சிரித்துக்கொண்டே இலை முன் உட்காருவான். காரைக்குடி பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர் அதே சொல்லைச் சொன்னால் கைகலப்பில் முடியும்.

ஒலித்தபடியே எழுதுங்கள். தென்மாவட்டக் கிராமப் பேச்சில் ‘கொப்பன்’ உன் அப்பன், ‘கோத்தா’ உன் ஆத்தா. பெரியவர் சிறுவனிடம் “கோத்தா வீட்டுல இருக்காளா?” என்றால் வெறும் விசாரிப்பு. வாக்கியத்தை முடிக்காமல் அந்தச் சொல்லை மட்டும் எறிந்தால் வசவு. நட்சத்திரக் குறி போட்டு மறைத்தால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால், “சும்மா சொல்றதுதான்” என்று பதில் வரும். “இதை யார்கிட்டச் சொல்ல மாட்டீங்க?” என்று கேளுங்கள். மூன்று தலைமுறையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆச்சிமாரிடம் பெண் ஒருவர் கேட்பது நல்லது. சொல்லக் கூசி மாற்றிச் சொல்வதற்கு, நன்னூல் இடக்கரடக்கல் என்கிறதே, அதற்கும் தனி அட்டை உண்டு.

பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். குறள் 1274இல் ‘நாற்றம்’ நறுமணம். குறள் 969இல் கவரிமாவின் ‘மயிர்’ மானத்துக்கு உவமை; 964இலோ தலையிலிருந்து உதிர்ந்த மயிர் இழிவுக்கு உவமை. இன்று பலரும் ‘முடி’ என்றே சொல்கிறார்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. தேவரடியார் என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் சார்ந்த பெண்களுக்கு மதிப்பான பெயர். ஆதியில் நல்ல சொல்தானே என்று அதன் இன்றைய திரிபுக்குச் சப்பைக்கட்டு கட்டாதீர்கள். அதைக் கேட்கும் பெண்ணை இன்றைய பொருள்தான் சுடுகிறது.

சாதிப்பெயரைச் சொல்லித் திட்டுவதை, சொன்னவர் பேச்சை நம்பி ‘செல்லமாக’ என்று குறிக்கவே கூடாது. சொல்லப்பட்டவரைக் கேட்டு எழுதுங்கள். பொது இடத்தில் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அப்படி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கைப்பேசியில் ஒளித்துப் பதிவு செய்வது நம்பிக்கைத் துரோகம். சொல்லிவிட்டு நீட்டினாலோ ஒருவரும் திட்ட மாட்டார்கள். ஆகவே கேட்ட அன்றே, இரவு படுக்கப் போவதற்குள், நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். மறுநாளானால் சொல் நினைவிருக்கும், தொனி மறந்துபோகும்.