ஏர் ரைஃபிள் பராமரிப்பு: கை அரிப்பு கூடாத இடங்கள்

10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிளில் பெரிய பாகங்கள் லேசில் கெடுவதில்லை. தகராறு செய்வது பெரும்பாலும் ஓ-ரிங் எனும் சின்ன ரப்பர் வளையங்கள்தான். அவற்றையும் நாமேதான் கெடுக்கிறோம்.

முதல் குற்றவாளி எண்ணெய். கீச்சென்றால் தையல் மெஷின் எண்ணெயை எடுப்பது நம் பழக்கம். இங்கே அது ஆபத்து. சிலிண்டரில் 200 பார் வரை காற்று அடைபட்டிருக்கிறது. கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். அந்த அழுத்தத்தில் காற்று பாயும் வழியில் பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் தீப்பற்றலாம். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ்தான், அதுவும் வளையம் லேசாக மினுங்கும் அளவுக்கு.

காற்று கசிகிறதா? உடனே ஸ்குரூ டிரைவரைத் தேடாதீர்கள். சிலிண்டரைக் கழற்றி, கேஜ் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு ஒரு ராத்திரி தனியாக வையுங்கள். முள் இறங்கினால் கோளாறு சிலிண்டர் வால்வில். அது சர்வீஸ் செய்பவர் வேலை. துப்பாக்கியில் மாட்டினால்தான் இறங்குகிறது என்றால், முதலில் இணைப்பிலுள்ள ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள். பழையதை ஊசியால் நெம்பாதீர்கள்; பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது வளையமும் கசியும். மரப் பல்குச்சி போதும். குழாய்ச் சாமான் கடையில் அளவு ஒத்துப்போகும் வளையம் கிடைக்கும், ஆனால் அது இந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. எதைத் தொடுவதற்கும் முன் பேரலில் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்று பார்த்துவிட்டு, துப்பாக்கிக்குள் மிஞ்சியிருக்கும் காற்றைப் பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்றுங்கள்.

பேரலுக்குள் இரும்புக் கம்பி வேண்டாம், துடைப்பதற்கான ஃபெல்ட் பெல்லட் (கம்பளித் துணி உருண்டை) போதும்.

அப்புறம் ட்ரிகர். ஏர் ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச ட்ரிகர் எடை (ட்ரிகரை இழுக்கத் தேவையான விசை) என்று விதி கிடையாது. அதனால் திருகித் திருகி, பெல்லட் போட்டு மூடும்போதே வெடிக்கும் அளவுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. கால் சுற்று திருப்பினாலும் பெல்லட் இல்லாமல் பலமுறை மூடிப் பாருங்கள்.

சிலிண்டர் இல்லாமல் ஸ்பிரிங்கால் சுடும் துப்பாக்கிக்காரர்களின் ஆசை வேறு: கனமான ஸ்பிரிங். உதைப்பு கூடும், குறி சிதறும், பிஸ்டன் சீல் சீக்கிரம் தேயும். இந்தியாவில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால் லைசென்ஸும் தேவைப்படும். செலவழித்தே ஆக வேண்டுமென்றால் புது சீலுக்குச் செலவழியுங்கள்.

சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். போட்டி ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பொதுவாக 10 வருடம்தான் ஆயுள். அதற்குப் பிறகு பளபளவென்று இருந்தாலும் காற்று நிரப்பக் கூடாது.