யாழ்ப்பாணத்தில் குடியேற வருபவர்களுக்கு: கூட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டால்

கனடாவிலோ ஐரோப்பாவிலோ குடியை நிறுத்தி, வாரந்தோறும் ஏ.ஏ. (அல்ககோலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடிநோயாளிகள் கூடித் தம் கதையைப் பகிர்ந்து, குடிக்காமல் இருக்க ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்திற்குப் போய்ப் பழகியவர்கள் யாழ்ப்பாணத்தில் வந்து குடியேறும்போது, அடையாள அட்டைக்கும் வங்கிக் கணக்கிற்கும் முன்பாக ஒழுங்கு செய்ய வேண்டியது அடுத்த கூட்டத்தைத்தான். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் ஆக வேண்டிய காரியங்களை உறவினர்கள் கேட்காமலே சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை மட்டும் உறவினர்களிடம் கேட்க எவருக்கும் மனம் வருவதில்லை. அந்தக் கூச்சத்தை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

சுவிசிலிருந்து திரும்பிய என் நண்பர் ஒருவர், இணையத்தில் கண்ட முகவரிக்குப் போனபோது அங்கே பூட்டிய கதவுதான் இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, வந்த ஓட்டோக்காரரிடமே மெல்லக் கேட்டிருக்கிறார். அவர் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லம். மாலைதோறும் கூட்டம் உண்டு என்றும், பதிவு செய்தவர்கள் மட்டுமே அமரலாம் என்றும் சொல்லி, மூன்று மாதக் கட்டணத்தை முற்பணமாக வாங்கியதோடு, பத்திரமாக வைத்திருப்பதாகக் கூறிக் கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அங்கே கூட்டம் என்ற பெயரில் நடந்தது உரிமையாளரின் பிரசங்கம்; தங்கியிருந்தவர்கள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் தம் கதையைச் சொல்லவில்லை. நண்பர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கிடைத்த பதில், "உங்கட சொந்தக்காரருக்குத் தெரிஞ்சால் அவை என்ன நினைப்பினம்?" என்பதுதான். பல ஆண்டுகளாகக் குடிக்காத மனிதரிடம் இப்படிக் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இறுதியில் சட்டத்தரணியான மச்சான் ஒருவர் போய்த்தான் கடவுச்சீட்டை மீட்டார். பணம் போனது போனதுதான், சொந்தக்காரர்களுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

உண்மையான கூட்டத்தை அடையாளம் காண்பது கடினமன்று. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய அல்ககோலிக்ஸ் அனானிமஸ், 1950இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளின்படியே உலகெங்கும் நடக்கிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதுமானது என்பது மூன்றாவது மரபு. வெளியாரின் நன்கொடையை ஏற்காமல் குழு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏழாவது. ஆகவே கட்டணமோ, முற்பணமோ, கடவுச்சீட்டோ கேட்கும் இடம் எதுவானாலும் அது ஏ.ஏ. கூட்டம் அன்று. தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் கட்டணம் கேட்பதில் தவறில்லை. அதையே கூட்டம் என்று சொல்லி ஆள் பிடிப்பதுதான் மோசடி.

முகவரியைத் தேடி அலைவதை விட, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ நேரில் போய்க் கேளுங்கள். அரச வைத்தியசாலை என்பதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. உளவளத்துணை வழங்கும் சாந்திகத்திலும் விசாரிக்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஒரு குழுவைப் பற்றித் தெரிய வந்ததும், போவதற்கு முன் அதன் உறுப்பினர் ஒருவருடன் தொலைபேசியில் பேசி, அது எவரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனைவியையும் அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு இது முக்கியம்.

இங்கே ஒரு குழு அமையும்வரை பழைய குழுவை விட்டுவிட வேண்டாம். இணையவழியில் கூடும் குழுவானால், ரொறன்ரோவில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் கூட்டம் கோடைக்காலத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. கோயில் மணிக்கு எழும்புகிற ஊரில் அது பெரிய சிரமமில்லை. தமிழில் பேச விரும்பினால் தமிழ்நாட்டுக் குழுக்களின் இணையக் கூட்டங்களில் சேரலாம். அவர்களுக்கும் நமக்கும் மணி ஒன்றே.

வந்த இடத்தில் வழுக்கி, நாள்தோறும் குடிக்கத் தொடங்கிவிட்டவர்கள், வீறாப்பில் ஒரே நாளில் வீட்டிலிருந்தபடி நிறுத்த முயலக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; அதற்கடுத்த ஓரிரு நாட்களில் சித்தம் கலங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கம் கூடினால் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். கூட்டம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலை எதிர்பார்த்து மாமன், மச்சான், பெறாமகன் என்று ஒரு வரிசையே காத்திருக்கும். கொண்டு வராதீர்கள், பிறருக்குக் கொடுக்கத்தானே என்று நினைத்து வாங்கிய போத்தலை முதலில் உங்கள் முன்னால்தான் உடைப்பார்கள். காரணம் கேட்பவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வைத்தியர் மறித்திருக்கிறார் என்றால் போதும். அதற்கு மேலும் வற்புறுத்துகிற வீட்டில், முதல் ஆண்டு முடியும்வரை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தலைகாட்டிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.