சிக்காகோ விலையைப் பார்த்துக் கோழி வளர்ப்பவர்களுக்கு

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் இரவு பத்து மணிக்கு அழைத்தார். இருநூறு முட்டைக் கோழியோடு புதிதாகத் தொடங்கியவர். "அண்ணே, சிக்காகோவில சோளம் விழுந்திருச்சு. ரெண்டு வாரம் பொறுத்துத் தீன் வாங்கலாமா?" சிக்காகோ என்றால் சோளத்துக்கும் சோயாவுக்கும் உலகமே விலை பார்க்கிற அமெரிக்கச் சந்தை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொண்டு, நானூறு கோழியில் பாதியைக் கறிக்கு விற்றவன் நான். இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் பதினைந்து வருடமாக இதே தொழில், தீனையும் நானேதான் கலக்கிறேன். அதில் பாதிக்கு மேல் சோளம், கால்வாசி சோயாப் புண்ணாக்கு, மிச்சம் தவிடும் சிப்பித்தூளும் மற்றதும். அதனால் இந்த இரண்டு விலையும் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்காமல் பிழைக்க முடியாது. கடனுக்கு வாங்காதே, எடை பார்த்து வாங்கு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர்களுடைய புசல் நம்ம நெல் புசல் இல்லை

புசல் என்பது தானியம் அளக்கும் ஓர் அளவு. நம் ஊரில் ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. சிக்காகோவில் ஒரு புசல் சோளம் 25.4 கிலோ, ஒரு புசல் சோயா 27.2 கிலோ. விலையைச் சதத்தில் போடுவார்கள், 450 என்று இருந்தால் நான்கரை டொலர். சோயாப் புண்ணாக்குக்குப் புசலே கிடையாது, 907 கிலோ கொண்ட அமெரிக்கத் தொன் கணக்கு.

தமிழ்நாட்டு வீடியோவில் வரும் சோளம்

அது வேறு தானியம். நாம் சோளம் என்பதை அங்கே மக்காச்சோளம் என்பார்கள்.

டொலரில் இறங்கினால் ரூபாவிலும் இறங்கும் என்று நம்புவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2022 மார்ச் தொடக்கம், ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த சூடு ஆறவில்லை, சிக்காகோவில் சோளம் புசல் ஏழரை டொலர் அளவில் நின்றது. ஏப்ரல் கடைசியில் எட்டைத் தாண்டியது. ஜூலையில் ஆறுக்குக் கீழே வந்தது. தினமும் இதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ பெரிய விஷயம் பிடிபட்டுவிட்ட மாதிரி ஒரு மிதப்பு வந்துவிட்டது. அந்த ஜூலையில் நான் வழக்கமாக வாங்கும் கடை முதலாளி, "முப்பது மூடை இருக்கு, இப்பவே எடுங்க, அடுத்த லொறி எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றார். "உலகச் சந்தை இறங்குது முதலாளி, நீங்கதான் இறக்காம வெச்சிருக்கீங்க" என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

நான் போடாமல் விட்ட கணக்கு இதுதான். ஆயிரம் கிலோ கொண்ட நம்ம தொன் சோளம் என்றால் 39.37 புசல். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, ஜூலையில் 360. ஏழரை டொலர்ச் சோளம் 200 ரூபாக் கணக்கில் கிலோ 59 ரூபா. ஆறு டொலர்ச் சோளம் 360 ரூபாக் கணக்கில் கிலோ 85 ரூபா. அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைந்த சாமான், இங்கே நாற்பது வீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. இதில் கப்பல் கூலி இல்லை, காப்புறுதி இல்லை, வரி இல்லை, கொழும்பிலிருந்து மலையேறும் லொறிக்கூலியும் இல்லை.

அப்புறம் மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. முந்தின வருடம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதில் பெரும்போகச் சோளம் அடிபட்டிருந்தது, அதனால் உள்ளூர்ச் சரக்கு குறைவு. வெளியிலிருந்து கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும், அது கிடைத்தாலும் வங்கியில் டொலர் வேண்டும். அந்த ஜூலையில் டீசலும் இல்லை, சோளம் விளையும் மகியங்கனையிலிருந்து மேலே ஏற வேண்டிய லொறி வரிசையில் நின்றது. மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனேன். சாக்குகள் மடித்து மூலையில் கிடந்தன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தவிட்டைக் கூட்டிக் கலந்து பார்த்தேன். நூறு கோழிக்கு எண்பது முட்டை கண்ட கூட்டில் ஐம்பது காண்பதே பெரிய பாடாகிவிட்டது. அவ்வளவுதான், பாதிக் கோழி கறிக்குப் போனது.

இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை சிக்காகோ விலையை டொலராக்கி 39.37ஆல் பெருக்கி, அன்றைய டொலர் மதிப்பால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து ஒரு பக்கம் எழுதுவேன். அது கிலோ விலை. மற்றப் பக்கத்தில் நம் கடை விலை. நான் பார்ப்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான். அது அகன்றுகொண்டே போனால் வரியிலோ அனுமதியிலோ போக்குவரத்திலோ ஏதோ நடக்கிறது, சிக்காகோ என்ன சொன்னாலும் இங்கே இறங்காது. அங்கே உண்மையாகவே இறங்கினாலும், அந்த விலையில் வாங்கிய சரக்கு கப்பல் ஏறி, ஆலையில் பழைய கையிருப்பு தீர்ந்து நம் மூடைக்கு வர மாதக்கணக்காகும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது, தலையை ஆட்டிவிட்டுப் போய்த் திரும்ப போனில் அந்தப் பச்சை சிவப்பு விலை வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சோயா ஏறினால் புண்ணாக்கும் ஏறும் என்பது

எப்போதும் இல்லை. ஒரு புசல் சோயாவை ஆட்டினால் இருபது கிலோ புண்ணாக்கும் ஐந்து கிலோ எண்ணெயும் வரும், இரண்டுக்கும் தனித்தனிச் சந்தை. பயோடீசலுக்கு எண்ணெய் கேட்டுச் சோயா ஏறும்போது ஆலைகள் கூடுதலாக ஆட்டும், புண்ணாக்கு தேங்கி அதன் விலை இறங்குவதும் உண்டு. இந்தியப் புண்ணாக்கின் கதை இன்னும் வேறு. அங்கே மரபணு மாற்றாத சோயா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரப் பக்கம் அக்டோபரை ஒட்டி அறுவடை. அந்த விலை சிக்காகோவோடு ஒத்துப் போகும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

அமெரிக்க வானத்தை மட்டும் பார்ப்பது

ஜூலையில் அமெரிக்கச் சோளம் பூக்கிற நேரம், மழை பிந்தினால் விலை துள்ளும், 2012 வறட்சியில் எட்டு டொலரைத் தாண்டியது அப்படித்தான். ஆனால் இன்று உலகத்துக்கு அதிகம் சோயா விற்பது பிரேசில். அவர்கள் வருடத் தொடக்கத்தில் சோயாவை வெட்டிய அதே நிலத்தில் சோளத்தைப் போட்டு, ஜூன் ஜூலையில் அதையும் அறுக்கிறார்கள். ஆகவே அமெரிக்காவில் மழை இல்லை என்ற செய்தி வருகிற நாளில் பிரேசிலில் அறுவடை எப்படி என்றும் பாருங்கள்.

அறிக்கை வந்த இரவே முடிவெடுப்பது

அமெரிக்க விவசாயத் திணைக்களம் மாதாமாதம் 10, 12ஆம் தேதி வாக்கில் உலக விளைச்சல் மதிப்பீட்டை வெளியிடும், நம் நேரம் இரவு ஒன்பதரை, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் பத்தரை. விளைச்சல் அதிகம் என்று அறிக்கை சொல்லும், விலை ஏறும். புதியவர்கள் குழம்புவார்கள். வியாபாரிகள் அதைவிட அதிகம் எதிர்பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான். படுத்துத் தூங்குங்கள்.

அறுவடையில் மலிவாக வாங்கி மலையில் வைப்பது

பெப்ரவரி, மார்ச்சில் மொனராகலை, மகியங்கனைச் சோளம் இறங்கும்போது விலை குறையும், பின்னால் ஏறும் என்பதும் பெரும்பாலும் சரி. ஆனால் ஈரம்? 20 வீத ஈரத்தில் வாங்கிய நூறு கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோதான் மிஞ்சும். மலிவென்று நினைத்ததில் ஏழு கிலோ அங்கேயே போய்விடுகிறது. காயவைக்காமல் ஹற்றன் பக்கத்து ஜூன் மூட்டத்தில் அடுக்கி வைத்தால் அதைவிட மோசம். மூடைக்குள் கையை விட்டுப் பாருங்கள், உள்ளே இளஞ்சூடாக இருந்தால் பூஞ்சணம் தொடங்கிவிட்டது. அதைக் கோழிக்குப் போடக் கூடாது, வெயிலில் காட்டினாலும் பூஞ்சணம் விட்ட நஞ்சு போகாது.

வட்ஸ்அப் ஆரூடம்

"விலை ஏறப் போகுது, இப்பவே வாங்குங்க" என்று செய்தி வந்தால், அனுப்பியவரிடம் விற்க எத்தனை மூடை கையிருப்பு என்று கேளுங்கள்.

தம்பிக்கு அன்று இரவு நான் சொன்ன பதிலில் சிக்காகோ இல்லை. "கையில எவ்வளவு தீன் இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு "ஒரு மூடையும் அடியில கொஞ்சமும்" என்றார். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்னும், இருநூறுக்கு 22 கிலோ. மூன்று நாள் தாண்டாது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் ஐந்து மூடை எடுத்துவரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.