ஆர்மடா ஜெயித்தால் மெரினா இருக்காது: மாற்று வரலாற்றுக் கதைக்கு அடித்தளம் போடுவது எப்படி

1588-இல் ஸ்பெயினின் கப்பற்படையான ஆர்மடா இங்கிலாந்தை வென்றிருந்தால் சென்னை எப்படி இருக்கும்? இதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் பக்கத்திலேயே கோட்டை விடுகிறார்கள். புயலை நிறுத்தினால் ஸ்பெயின் ஜெயித்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

புயல் ஸ்பெயினின் கப்பல்களை உடைத்தது உண்மைதான். ஆனால் அது சண்டை முடிந்து, ஸ்காட்லாந்தைச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில். அதற்கு முன்பே, பிரான்ஸ் கரையில் உள்ள காலே அருகே ஆகஸ்ட் 7 இரவு, ஆங்கிலேயர் 8 தீக்கப்பல்களை, அதாவது தீ வைத்த கப்பல்களை, ஏவிவிட்டார்கள். ஸ்பானியர்கள் நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு சிதறினார்கள். அந்த நங்கூரங்கள் இல்லாததால்தான் பின்னால் அயர்லாந்துக் கரையில் பல கப்பல்களை நிறுத்த முடியாமல் போனது. புயலை மட்டும் எடுத்துவிட்டால் கப்பல்கள் பத்திரமாக வீடு திரும்பும். வெற்றி வராது.

மாற்றம் ஒன்றே ஒன்று போதும். அது இயற்கையின் கருணையாக இல்லாமல் ஒரு மனிதரின் முடிவாக இருந்தால் கதைக்கு எலும்பு கிடைக்கும். எங்கள் பரிந்துரை இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகமான பிளிமத். ஜூலை இறுதியில் சுமார் 130 கப்பல்களோடு ஆர்மடா ஆங்கிலக் கால்வாயை நெருங்கியபோது ஆங்கிலப் படை அந்தத் துறைமுகத்துக்குள் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புகுந்து அடிக்கலாம் என்று சில தளபதிகள் சொன்னார்கள். ஆர்மடாவின் தலைவர் மெடினா சிடோனியா, ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) காத்திருந்த ஸ்பானியத் தளபதி பார்மாவின் படையோடு சேர்வதே மன்னர் கட்டளை என்று கடந்துபோனார். அவரை 'சரி' சொல்ல வையுங்கள். திறந்த கடலில் ஆங்கிலேயர் தள்ளி நின்றே பீரங்கியால் சுடுவார்கள். குறுகிய துறைமுகத்தில் விலக இடமில்லை. கப்பல் மீது கப்பல் ஏறிச் சண்டையிட ஸ்பானியர்களிடம் பல்லாயிரம் சிப்பாய்கள் இருந்தார்கள்.

ஆனாலும் அடுத்த சிக்கல் தீராது. ஃபிளாண்டர்ஸ் கரையில் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கிட்டே போக முடியாது. பார்மாவின் தட்டைப் படகுகள் வெளியே வந்தால் ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ச்சி செய்துகொண்டிருந்த டச்சுக்காரர்களின் சிறு கப்பல்கள் விடாது. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவைப் பிடித்து அங்கே நங்கூரமிட்டுச் சில மாதம் காத்திருப்பதாக ஒரு அத்தியாயம் எழுதுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார்.

தேதியில் கவனம். ஸ்பெயின் 1582-லேயே புது (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அன்றைய இடைவெளி 10 நாள். மேலே கொடுத்திருக்கும் ஆர்மடா தேதிகள் புதுக் கணக்கு. இரண்டையும் கலந்தால் உங்கள் தூதர் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்.

வெற்றி என்றால் லண்டனில் ஸ்பானிஷ் கொடி என்று அர்த்தமில்லை. ஸ்பெயின் மன்னர் பிலிப் குறைந்தபட்சமாகக் கேட்க நினைத்தவை: கத்தோலிக்கர்களுக்கு வழிபாட்டு உரிமை, டச்சுக் கிளர்ச்சிக்கு ஆங்கில உதவி நிற்பது, இழப்பீடு. இங்கிலாந்து ராணி எலிசபெத் அரியணையிலேயே இருக்கலாம், கையில் காசில்லாமல்.

இனி ஒரு முழுத்தாளில் இடமிருந்து வலமாகக் கோடு போட்டு, அடிக்க வேண்டியதை அடியுங்கள். 1600 டிசம்பர் 31 (இது இங்கிலாந்தின் பழைய கணக்கு), ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம்: போச்சு. 1639, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் அந்தக் கம்பெனிக்கு நிலம் கொடுத்தது: போச்சு. கோட்டை, ஜார்ஜ் டவுன், சிந்தாதிரிப்பேட்டை கிடையாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர் அப்படியே இருக்கும். பழவேற்காட்டுக்கு 1610-இல் வந்த டச்சுக்காரர்களை மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். ஆங்கில உதவி இல்லாமலும் அவர்கள் தப்பினார்கள் என்று நீங்கள் முடிவுசெய்தால் பெருநகரம் அங்கேதான் எழும்.

பலர் சறுக்கும் இடம் சாந்தோம். 1580 முதல் பிலிப்தான் போர்ச்சுகலுக்கும் மன்னர். ஆக, ஆர்மடா கிளம்பிய நாளில் போர்ச்சுகீசிய சாந்தோம் ஏற்கெனவே அவருடைய கிரீடத்தின் கீழ்தான். ஆனால் போர்ச்சுகீசிய நிர்வாகம் போர்ச்சுகீசியர் கையிலேயே இருக்கும் என்று 1581-இல் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் மயிலாப்பூர் பாத்திரங்கள் ஸ்பானிஷ் பேசக் கூடாது. ஸ்பானிஷ் வேண்டுமென்றால் கதையை ஸ்பானியர்கள் ஆண்ட மணிலாவுக்குக் கொண்டுபோங்கள்.

வசனத்துக்கு ஒரு சோதனை. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். பஸ், லேட், ஆபீஸ் எல்லாம் போனால் சென்னைத் தமிழில் பாதி காலி! சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம், பீப்பாய் தங்கும், அவை போர்ச்சுகீசியம் தந்தவை. அதே வழியில் நீங்களே புதுச் சொல் உண்டாக்கலாம், ஆனால் பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் போனால் அகராதி படிக்கிற மாதிரி ஆகிவிடும். தமிழ் அச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது.

கடைசியாக, நகர வரைபடத்தைத் தொடுவதற்கு முன் மணலைப் பாருங்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டு மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் ஆங்கிலேயர் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகே தெற்கில் மணல் தேங்கி மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. உங்கள் கதையில் துறைமுகம் சாந்தோமில் வந்தால் மணல் பட்டினப்பாக்கத்தில் குவிந்து அடையாற்று முகத்துவாரத்தை அடைக்கும். திருவல்லிக்கேணிக் கரையை அலை தின்னும், அங்கே மாலையில் சுண்டல் விற்க இடம் இருக்காது.