எழுதி வைக்காத நகைச்சுவை: வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஓர் இம்ப்ரோவ் நிகழ்ச்சியை அமைப்பது எப்படி?

இம்ப்ரோவ் என்பது, எதையும் முன்பே எழுதி வைக்காமல், பார்வையாளர் தரும் சொல்லை வைத்து அந்தக் கணத்திலேயே நடித்துக் காட்டும் நகைச்சுவை. அரங்கில் நடக்கும்போது அதை யாரும் சந்தேகிப்பதில்லை. பார்வையாளர் ஒருவர் 'பல் மருத்துவர்' என்று குரல் கொடுக்கிறார். அடுத்த நொடியே மேடையில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மற்றவரின் வாயைத் திறக்கச் சொல்கிறார். குரல் கொடுத்தவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு வேறு சான்று தேவையில்லை. அதே காட்சி ஒலிபரப்பில் வரும்போது, 'இதையெல்லாம் முன்பே எழுதித்தான் வைத்திருப்பார்கள்' என்ற எண்ணம் நேயருக்கு எளிதில் எழுந்துவிடுகிறது. எழுதப்பட்ட நகைச்சுவையின் தராசில் வைத்தால் இம்ப்ரோவில் பெரும்பகுதி சுமாரானதுதான் என்பதால், அந்த எண்ணம் எழுந்த பிறகு அவரைச் சிரிக்க வைப்பது கடினம். ஆகவே, இத்தகைய நிகழ்ச்சியைத் தொடங்க நினைப்பவர் நடிகர்களைத் தேடுவதற்கு முன், எதுவும் எழுதப்படவில்லை என்பதைத் தானாகவே காட்டிக்கொடுக்கும் ஒரு விதியைத் தேட வேண்டும்.

வானொலிக்கு அந்த விதி காதால் மட்டுமே சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்கு, பிபிசி வானொலியில் 1967 டிசம்பரில் தொடங்கிய 'ஜஸ்ட் எ மினிட்' நிகழ்ச்சியைவிடச் சிறந்த பாடம் இல்லை. கொடுத்த தலைப்பில் ஒருவர் 60 நொடிகள் பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. எதிரில் இருப்பவர் பிழையைப் பிடித்து, அது சரியென்று தீர்ப்பானால், எஞ்சிய நொடிகளோடு தலைப்பும் அவர் கைக்குப் போய்விடுகிறது. விதியை வகுத்த இயன் மெசிட்டருக்குப் பள்ளியில் ஆசிரியர் தந்த ஒரு தண்டனையே இதற்கு வித்தாக அமைந்தது என்பார்கள். வீட்டில் இருக்கும் நேயரும் அந்தச் சொல் இரண்டாம் முறை வந்ததைத் தன் காதாலேயே பிடித்துவிடுகிறார் என்பதே இதன் வலிமை. ஒருவர் திணறும் ஓசையை எழுதி வைத்து நடிப்பது கடினம். உங்கள் விதியையும் இந்த அளவுகோலால் சோதியுங்கள்: ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா, அது மீறப்படும் கணம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கும் தெரிகிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்பது விடையானால் அந்த விதி வானொலிக்கு ஆகாது.

தொலைக்காட்சியில் நடிகரின் முகமே சான்றாகிவிடுகிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'தேங்க் காட் யூ ஆர் ஹியர்' நிகழ்ச்சியில், வேடமணிந்த ஒருவர் கதவைத் திறந்து தனக்குத் தெரியாத ஒரு காட்சிக்குள் நுழைகிறார். உள்ளே இருக்கும் துணை நடிகர்களுக்கு மட்டுமே கதை தெரியும். கதவு திறக்கும் அந்த ஒரு நொடியில் அவர் கண்கள் அறையை அளப்பதைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஜெர்மனியில் 2004-இல் வந்த 'ஷில்லர்ஷ்ட்ராஸே' வேறு வழியில் சென்றது: நடிகரின் காதில் பொருத்திய சிறு காதொலிப்பானில் நெறியாளர் திடீர்க் கட்டளைகள் இட, அவற்றைப் பார்வையாளர்களும் கேட்டார்கள். கட்டளைக்கும் செயலுக்கும் இடையில் உள்ள அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறந்தது.

தொகுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, கலைஞர்களோடு நகைச்சுவையில் போட்டியிடாதவராகப் பாருங்கள். 1988-இல் பிபிசி வானொலியில் தொடங்கி, அதே ஆண்டிலேயே பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்குச் சென்ற 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே' என்ற இம்ப்ரோவ் நிகழ்ச்சியில் தொகுப்பாளர் கிளைவ் ஆண்டர்சன் மனம்போன போக்கில் மதிப்பெண் வழங்கினார். பிற்பாடு அமெரிக்கப் பதிப்பின் தொகுப்பாளர் டுரூ கேரி, மதிப்பெண்களுக்கு எந்தப் பொருளும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இது வெறும் வேடிக்கையன்று. போட்டி என்ற போர்வை இருப்பதால் காட்சியை எந்த இடத்திலும் வெட்டி அடுத்ததற்குப் போக முடிகிறது. நலிந்துகொண்டிருக்கும் காட்சியைச் சிரிப்பு வரும் வரை இழுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தொகுப்பாளரின் அறிமுக வரிகளை முன்கூட்டியே எழுதிக்கொள்வதில் தவறேதும் இல்லை. கலைஞர்களின் வரிகளைத்தான் எழுதக் கூடாது.

கலைஞர்களுக்கான பயிற்சி பற்றிச் இம்ப்ரோவ் பயிற்சி விளையாட்டுகளை உருவாக்கிய சிகாகோவின் வயோலா ஸ்போலின் காலம் முதல் நிறையவே பேசப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்காமல் ஏற்று, அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கேள்வியாகக் கேட்டுப் பாரத்தை அவர் தலையில் ஏற்றக் கூடாது. ஒலிபரப்புக்கு மட்டும் ஒன்று கூடுதலாகத் தேவை: வானொலிக் கலைஞர் தன் செயலைப் பேச்சுக்குள்ளேயே புலப்படுத்தப் பழக வேண்டும். கதவைத் திறக்கும் பாவனை அங்கே செல்லாது. 'இந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டு எத்தனை வருடமாயிற்று?' என்பது செல்லும். கேள்வியாக இருந்தாலும் இது பாரத்தை ஏற்றவில்லை, கதவைத்தான் கட்டி நிறுத்துகிறது.

பார்வையாளர்களிடம் கேட்கும் கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். 'ஓர் இடம் சொல்லுங்கள்' என்று கேட்டால் அடிக்கடி கழிப்பறையே பதிலாக வரும். 'நீங்கள் கடைசியாக வரிசையில் நின்ற இடம் எது?' என்று கேட்டால் உண்மையான ஓர் இடம் கிடைக்கும். பார்வையாளர் பகுதிக்குத் தனி ஒலிவாங்கி வையுங்கள்; பதிலைத் தொகுப்பாளர் ஒருமுறை திரும்பச் சொல்லட்டும். பதிவு செய்த சிரிப்பொலியை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், ஏனெனில் அந்த ஓர் ஒலி போதும், மற்ற அனைத்தும் போலி என்று நேயர் முடிவுகட்ட.

ஒளிபரப்பாகும் நேரத்தைப் போல் மூன்று, நான்கு மடங்கு பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் தொகுப்பு மேசையில்தான் பெரும்பாலான தொடக்கக்காரர்கள் தவறுகிறார்கள்: நேரத்தை மிச்சப்படுத்த முதலில் வெட்டுவது, பார்வையாளர் பதில் சொல்லும் பகுதியையும் கலைஞர் விழிக்கும் அந்த இரண்டு நொடி மௌனத்தையும்தான். பலவீனமான காட்சியை முழுதாகத் தூக்கி எறியுங்கள். நல்ல காட்சியின் உள்ளே கை வைக்காதீர்கள். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தோல்வியையாவது, கலைஞர் தடுமாறி அதைத் தானே ஒப்புக்கொண்டு சிரிக்கும் இடத்தோடு, நடுப்பகுதியில் அப்படியே விட்டு வையுங்கள்; அதற்கு அடுத்து உங்களிடம் உள்ளவற்றிலேயே மிகச் சிறந்த காட்சியைச் சேருங்கள்.